குறுக்கு நோகும் பருவம்: பவானிப் பாசனத்தில் நெல்லும் உடம்பும்

பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 15ஆம் தேதியை ஒட்டித் தண்ணீர் திறக்கிறார்கள். 200 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால். பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். அதில் ஒரு பாதிக்கு அந்தத் தண்ணீர் நன்செய்க்காகச் சுமார் 120 நாள் ஓடும். மறுபாதிக்குத் தை மாதம் தொடங்கிக் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்குத் திறப்பார்கள். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று ஆண்டுக்கு ஆண்டு முறை மாறும். பற்றாக்குறையான ஆற்றை இரண்டு லட்சம் ஏக்கருக்குப் பங்கிடக் கண்ட நியாயமான ஏற்பாடு இது. மேட்டு விவசாயிக்கும் பள்ளத்து விவசாயிக்கும் சண்டை வராமல் காப்பது இந்த முறைதான்.

தண்ணீரைப் பங்கிட்ட இந்தக் கணக்கு வேலையைப் பங்கிடவில்லை. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஒரே தேதியில் தண்ணீர் பாய்ந்தால் நாற்றங்கால் விடுவதும் சேற்றுழவும் நடவும் ஏறக்குறைய ஒரே நாட்களில் வந்து நிற்கும். நன்செய்ப் பாதி முழுவதும் நெல் இல்லை; மஞ்சள், கரும்பு, வாழை, தென்னையும் உண்டு. 50,000 ஏக்கர் மட்டும் நெல் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கை நடவுக்கு ஏக்கருக்கு 12 முதல் 16 ஆட்கள் வேண்டும். 15 பேர் என்று எடுத்தால் 7,50,000 ஆள் நாட்கள். நாற்று முற்றிவிடக் கூடாது என்பதால் இந்த வேலை சுமார் 25 நாளில் முடிந்தாக வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு நாளும் 30,000 பேர் சேற்றில் குனிந்து நிற்க வேண்டும். இருபத்தாறாம் நாள் அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லை.

நெல் விவசாயத்தின் உடல் வருத்தத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக 'கடினமான உழைப்பு' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். கடினம் என்பதைவிட அது எப்போது குவிகிறது, யார் உடம்பில் குவிகிறது என்பதே பெரிய கேள்வி. அந்தக் குவிப்பு இயற்கையாக வந்ததில்லை. பாதியைப் பாசன நாட்காட்டி உண்டாக்கியது. மீதிப் பாதியை உண்டாக்கியது கொங்கு நாட்டில் இயந்திரங்கள் வந்து சேர்ந்த வரிசை.

இதைத் துடியலூரிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் இந்த ஊர் நெல் ஊர் இல்லை. கிணற்றுப் பாசனத் தோட்டமும் மானாவாரிக் காடுமாக இருந்து, 2011இல் கோவை மாநகராட்சிக்குள் வந்த ஊர். இங்கே வயல் என்று சொல்ல ஏதும் மிச்சமில்லை. ஆனால் தமிழ்நாட்டு நெல்லின் அறிவியலும் விவசாய இயந்திரங்களின் தொழிலும் வளர்ந்த நகரத்தின் வடக்கு வாசல் இது. தெற்கே மருதமலைச் சாலைப் பக்கம் போனால் 1912இல் தொடங்கிய நெல் இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. வடக்கே அன்னூர், புளியம்பட்டி தாண்டினால் பவானிப் பாசன வயல்கள் வந்துவிடும். ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்கும் குறுக்கு நோகும் இடத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க இது தோதான ஊர்.

முதலில் நடவு என்ற வேலையை அதன் அளவில் பார்க்க வேண்டும்.

குறுகிய கால நெல் ரகங்களுக்கு வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், குத்துக்குக் குத்து 10 சென்டிமீட்டர் என்ற இடைவெளியைப் பரிந்துரைக்கிறார்கள். அப்படி நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு இரண்டு லட்சம் குத்துக்கு மேல். 15 பெண்கள் ஒரு நாளில் ஒரு ஏக்கரை முடித்தால் ஒருவர் பங்கு ஏறக்குறைய 13,500 குத்து. சோற்று நேரம், வரப்பில் உட்கார்ந்த நேரம் போக ஏழு மணி நேர வேலை என்று வைத்தால் நிமிடத்துக்கு 32. இரண்டு நொடிக்கு ஒருமுறை இடது கையில் உள்ள முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, வலது கை விரலால் சேற்றில் ஊன்றி, அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். இவ்வளவு நேரமும் இடுப்பு மடிந்தே இருக்கும். கால் கெண்டைக்கால் வரை சேற்றில் புதைந்திருக்கும். ஒவ்வொரு அடி பின்வாங்கும்போதும் சேறு பிடித்த காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும்.

கூலி ஏக்கர் கணக்கில் பேசப்பட்டால் இந்த எண் இன்னும் ஏறும். 10 பேர் கொண்ட குழு அதே ஏக்கரை ஒரு நாளில் முடித்தால் ஆளுக்கு 20,000 குத்து. ஆள் குறைந்தால் ஆளுக்குக் கிடைக்கும் கூலி கூடும் என்பதால் குழுவே தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. தண்ணீர்த் தேதியின் நெருக்கடி ஏக்கர் கணக்குக் கூலியாக மாறி, கூலி வேகமாக மாறி, வேகம் இடுப்பில் போய் இறங்குகிறது.

நடவுப் பெண்கள் சொன்ன இடைவெளியில் நடுவதில்லை, குத்து எண்ணிக்கை குறைகிறது, அதனால் மகசூல் குறைகிறது என்பது வேளாண் அலுவலர்களின் பழைய குறை. குறை உண்மைதான். ஆனால் 50 குத்துக்குப் பதில் 35 குத்து நடுகிறவர் ஒரு நாளில் நான்காயிரம் முறை குறைவாகக் கையை ஊன்றுகிறார். அதைக் கவனக்குறைவு என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வேலைக்கு வர வேண்டிய உடம்பு தன்னைச் சிக்கனமாகச் செலவிடும் வழி அது.

குனிந்த முதுகில் என்ன நடக்கிறது என்பதை மருத்துவம் நன்றாகவே அளந்து வைத்திருக்கிறது. சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது இருக்கும் அழுத்தம் முன்னால் குனிந்தால் சுமார் ஒன்றரை மடங்காகிறது; கையில் சுமை சேர்ந்தால் இன்னும் ஏறுகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இடுப்பை முழுவதும் மடித்து நிற்கும்போது முதுகுத் தசைகள் ஒரு கட்டத்தில் வேலை செய்வதை நிறுத்திவிடுகின்றன. உடலின் மேல்பாதி முழுவதையும் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களே தாங்குகின்றன. மணிக்கணக்கில் இழுபட்ட தசைநார் உடனே பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை. மாலையில் கரையேறி நிமிர முயலும்போது 'குறுக்கு விட்டுப்போச்சு' என்று நடவுப் பெண்கள் சொல்வது அந்த நிலையைத்தான். இரவில் கிடைக்கும் ஓய்வு அந்தத் தசைநாருக்குப் போதாது. மறுநாள் விடிவதற்குள் அது சீராகாதபோது அடுத்த நாளின் வேலை ஏற்கெனவே தளர்ந்த முதுகில் ஏறுகிறது. இருபத்தைந்து நாள் தொடர்ந்து இப்படி.

வேலையின் பளுவைக் கணக்கிட உடலியல் அறிஞர்கள் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். ஒருவர் உடல் உச்சமாக உட்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் அளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குள் இருந்தால் அந்த வேலையை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான கணிப்பு. இந்த உச்ச அளவு இரத்தத்தின் சிவப்பணுவைப் பொறுத்தது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதாவது ஒரே வரிசையில் ஒரே வேகத்தில் நடும் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த வேலை மற்றவர்களைவிடக் கனமாக இருக்கிறது. கூலி மட்டும் ஒன்றுதான்.

வயலை விட்டு வந்த பிறகும் நாள் முடிவதில்லை. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகச் சொல்கிறது. நடவு மாதத்தில் இந்த 289 நிமிடம் குறைய வழியில்லை. தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் குழு வண்டியில் ஏற வேண்டுமானால் அடுப்பு நான்கு மணிக்கு எரிய வேண்டும். குறைவது உறக்கம்தான். தண்ணீர் குடிப்பதும் குறைகிறது. வயல்வெளியில் ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தாகத்தை அடக்குகிறார்கள். வெயிலில் வியர்த்து, குடிக்காமல் நிற்கும் உடம்பில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது எல்லோருக்கும் தெரியும்; அதை நோயாக யாரும் எண்ணுவதில்லை.

வெப்பத்தைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கற்சூளை, உப்பளம் போன்ற வெப்பம் மிகுந்த இடங்களில் வேலை செய்தவர்கள். அவர்களிடம் கருச்சிதைவு உள்ளிட்ட பாதிப்புகள் மற்றவர்களைவிட இரு மடங்கு அளவில் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் 24,504 ஏக்கர் பழைய பாசனத்தில் இரண்டு போகம் நெல் விளைகிறது. கோடைத் தண்ணீரில் அங்கே நடவுக்குப் போகும் இளம் பெண்களுக்கு இந்த இரண்டு செய்தியும் நேரடியாகப் பொருந்தும்.

இனி இயந்திரங்கள் வந்த வரிசைக்கு வருகிறேன். கொங்கு நாட்டின் பெருமையே இயந்திரம்தான் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் கோவை மாவட்ட விவசாயத்தில் மிகக் கொடிய வேலை கவலை இறைப்பு. விடியுமுன் மாட்டைச் சரிவில் இறக்கியும் ஏற்றியும் சால் சாலாகத் தண்ணீர் இறைக்க வேண்டும். அதில் ஆணின் உடம்பும் மாட்டின் உடம்பும் தேய்ந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் கோவைக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் கவலை இறைப்பு மறைந்து, பம்பு செட்டு எங்கும் நிறைந்தது. துடியலூர், கணபதி, பீளமேடு பக்கங்களில் பட்டறை பட்டறையாக மோட்டாரும் வார்ப்பும் தொழிலானது. ஒரு தலைமுறை ஆண்களின் முதுகைக் காப்பாற்றிய தொழில்புரட்சி அது. அதை நன்றியோடு சொல்கிறேன்.

பிறகு டிராக்டர் வந்து உழவையும் சேறு கலக்குவதையும் எடுத்துக்கொண்டது. அதுவும் ஆண்கள் செய்த வேலை. அடுத்து அறுவடை இயந்திரம் வந்தது. அறுப்பில் பெண்களும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த இயந்திரம் பெண்களின் சிரமத்தைக் குறைக்க வந்ததில்லை. மார்கழி மழையில் கதிர் சாய்ந்து போகுமுன் அறுக்க வேண்டும் என்ற அவசரமும் ஆள் தட்டுப்பாடும் அதைக் கொண்டுவந்தன. அதோடு அறுப்புக் கூலியாக வீட்டுக்கு வந்த நெல்லும் நின்றது. களைக்கொல்லி வந்தபோது இரண்டு களையெடுப்புகளில் ஒன்றாவது போனது. அந்த வேலை முதுகில் தெளிப்பான் சுமக்கும் ஓர் ஆணுக்கு மாறியது. அவருக்கு நஞ்சும் சுமையும், பெண்களுக்குக் கூலி நாள் இழப்பும்.

கூட்டிப் பார்த்தால் விளைவு இதுதான். நிமிர்ந்து செய்யும் வேலைகளும் நெல்லாகக் கூலி கிடைத்த வேலைகளும் இயந்திரத்துக்குப் போயின. பெண்களிடம் மிஞ்சியது நடவும் கையால் பறிக்கும் களையும். இரண்டும் முழுக்க முழுக்கக் குனிந்து செய்பவை. நான்கு மாதம் பரவியிருந்த வருமானம் பெரும்பாலும் நடவின் இருபத்தைந்து நாட்களுக்குள் ஒடுங்கியதால் அந்த நாட்களில் ஒரு நாளையும் விட முடியாது. காய்ச்சலோடும் மாதவிலக்கோடும் நடவுக்குப் போவதன் காரணம் இதுதான்.

நெல் நடவு இயந்திரம் இல்லாமல் இல்லை. பாய் நாற்றங்காலில் வளர்த்த நாற்றை அது ஒரு நாளில் சில ஏக்கருக்கு நட்டுவிடும். ஆனால் சமமான வயல் வேண்டும், மெல்லிய நீர்மட்டம் வேண்டும், பாய் நாற்றங்கால் போடத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பண்ணையத்தின் சராசரிப் பரப்பு 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதுவும் இரண்டு மூன்று வயலாகப் பிரிந்து கிடக்கும். வாய்க்கால் நீரை வயலுக்கு வயல் கட்டுப்படுத்துவதும் எளிதில்லை. இந்தத் தடைகள் உண்மையானவை. எனினும் கிணற்றடியில் நூறடி ஆழத்துக்கு ஏற்ற பம்பையும், ஆயிரம் அடி ஆழ்குழாய்க்கு ஏற்ற நீர்மூழ்கி மோட்டாரையும் செய்து தரும் ஊருக்கு அரை ஏக்கர் வயலுக்கு ஏற்ற நடவுக் கருவி எட்டாத பொருள் என்று நான் ஏற்கமாட்டேன். கூலி மலிவாகக் கிடைத்தவரை அதற்குத் தேவை இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

செம்மை நெல் சாகுபடியின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தி.மு. தியாகராஜன் முதலானோர் 2000ஆம் ஆண்டிலிருந்து அதை ஆராய்ந்தார்கள். 14 நாள் இளநாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, 25 சென்டிமீட்டர் சதுர நடவு. சதுர மீட்டருக்கு 16 குத்துதான் என்பதால் கையை ஊன்றும் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகிறது. களைக்கு உருளும் கருவி. பார்த்தால் பெண் உடம்புக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் 2008இல் செந்தில்குமாரும் தியாகராஜனும் மற்றவர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, விளைச்சல் கூடியும் விவசாயிகள் ஏன் ஏற்கத் தயங்கினார்கள் என்று ஆராய்ந்தது. அவர்கள் கண்ட தடைகளில் முக்கியமான ஒன்று: கையால் களையெடுத்த பெண்களின் குறைந்த கூலிக்குப் பதிலாக, கருவி உருட்டும் ஆண்களின் அதிகக் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே வேலை குனிந்து செய்தால் பெண்ணுக்கு, குறைந்த கூலிக்கு. நின்று கருவியோடு செய்தால் ஆணுக்கு, அதிகக் கூலிக்கு. இந்த விதியை எந்த வேளாண் நூலும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் எல்லா வயலிலும் அதுவே நடக்கிறது.

கருவியைப் பெண் கைக்கு ஏற்றபடி செய்யும் அறிவும் கோவையில் இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பணிச்சூழலியல், பாதுகாப்பு பற்றிய அகில இந்தியத் திட்டத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் உண்டு. வேலை செய்பவரின் நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, உயரம், கைப்பிடி வலிமை ஆகியவற்றை அளந்து கருவியை மதிப்பிடுவது அதன் வேலை. சராசரி இந்தியப் பெண்ணின் உயரம் சுமார் 152 சென்டிமீட்டர். ஆணுக்கு அளவெடுத்த கைப்பிடியைத் தள்ளும் பெண்ணுக்குத் தோள் நோகும். இந்தச் சிறிய துறையின் அளவீடுகள் கடைத்தெருவில் விற்கும் கருவிக்குக் கட்டாயமாக வேண்டும். மானியம் கொடுக்கும் அரசு, பெண்ணின் உடலளவில் சோதித்த கருவிக்கு மட்டுமே மானியம் என்று ஒரு வரி சேர்த்தால் பட்டறைகள் தானாக மாறும்.

நடவு வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதில் சாதியும் இருக்கிறது. பவானிப் பாசன வயல்களில் நடவுக்குக் குனியும் கைகளில் பெரும்பகுதி நிலமற்ற தலித் பெண்களுடையவை. சிறு விவசாயக் குடும்பத்துப் பெண்களும் தங்கள் வயலில் இறங்குகிறார்கள்; ஆனால் அவர்கள் நடவு சில நாட்களில் முடிந்துவிடும், கூலிப் பெண்ணின் நடவு ஊர் ஊராகத் தொடரும். ஜோன் மென்ச்சரும் கே. சாரதாமணியும் 1982இல் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நெல் கூலிப் பெண்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நிலமற்ற குடும்பங்கள் பெண்களின் வருமானத்தை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை அந்த ஆய்வு காட்டியது. நடவுப் பெண்ணின் குறுக்கு வலி அவருடைய சொந்தச் சிக்கலாக மட்டும் முடிவதில்லை. அடுப்பு எரிவதும் அதோடு சேர்ந்தது.

அதனால்தான் வேறு வழி கிடைத்தவர்கள் வெளியேறினார்கள். ஜூடித் ஹேயர் 1981-82 முதல் கோவை, திருப்பூர் வட்டாரக் கிராமங்களை மீண்டும் மீண்டும் வந்து ஆராய்ந்தவர். அவை நெல் கிராமங்கள் இல்லை. ஆனால் அவர் கண்டது இங்கும் பொருந்தும். ஆண்களுக்கு விவசாயத்துக்கு வெளியே வேலை கிடைத்து, ரேஷன் அரிசியும் உறுதியானபோது தலித் பெண்களில் ஒரு பகுதியினர் வயல் கூலியிலிருந்து விலகி வீட்டோடு இருந்தார்கள். பெண்களின் வேலைப் பங்கேற்பு சரிகிறது என்று பொருளாதார அறிஞர்கள் கவலைப்படும் அதே செய்தியை அந்தப் பெண்கள் முன்னேற்றமாகக் கண்டார்கள். வாழ்நாள் முழுதும் குனிந்தவருக்கு நிமிர்ந்திருக்கக் கிடைத்த வாய்ப்பு அது. இந்த விலகல் பிறகும் தொடர்ந்ததில் 2011 ஜூனில் தொடங்கிய விலையில்லா அரிசிக்குப் பெரிய பங்குண்டு என்பது என் கணிப்பு.

மிஞ்சியவர்கள் வயது கூடியவர்கள். அந்த இடைவெளியை நிரப்ப இப்போது மேற்கு வங்கத்து இளைஞர்கள் குழுக் குழுவாக ஈரோட்டுக்கும் கோபிக்கும் வந்து நடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் பேசி, வேகமாக நட்டு, அடுத்த ஊருக்குப் போகிறார்கள். நடவு பெண்ணின் கைக்கே பொருந்தும் என்று காலங்காலமாகச் சொன்னது எவ்வளவு எளிதாகக் கலைந்துவிட்டது! ஆனால் அந்த இளைஞர்களின் முதுகும் அதே எலும்பால் ஆனதுதான். நோகும் உடம்பு ஊர் மாறியிருக்கிறது. வலி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் அவர்கள் வீட்டில் வெளிப்படும்.

பருவத்தோடு உடல்நலம் ஏறி இறங்குவதை உலகம் கவனிக்கத் தொடங்கியது 1970களில். இராபர்ட் சேம்பர்ஸ் முதலானோர் 1978இல் இங்கிலாந்தில் கூடிப் பேசி 1981இல் நூலாக்கினார்கள்: மழை, நோய், பசி, கடும் வேலை நான்கும் ஏழையின் ஆண்டில் ஒரே மாதங்களில் வந்து விழுகின்றன என்பது அவர்கள் வாதம். காம்பியா நாட்டின் கெனேபா கிராமத்தில் நெல் பயிரிடும் பெண்கள் மழைக்கால வேலையில் எடை இழந்தார்கள்; அப்போது பிறந்த குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் உணவு கொடுத்தபோது மழைக்காலக் குழந்தைகளின் எடை சுமார் 200 கிராம் கூடியது. தமிழ்நாட்டில் ரேஷன் இந்தப் பசியைப் பெருமளவு உடைத்துவிட்டது. வேலைக் குவிப்பை உடைக்க இதுவரை எந்தத் திட்டமும் இல்லை.

இருந்த ஒரு சிறு தடுப்பும் இப்போது தளர்கிறது. நூறு நாள் வேலை இருந்தபோது நடவுக் கூலியைப் பேசும் பெண்ணுக்கு வேறொரு வாசல் திறந்திருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய ஊரக வேலைச் சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்துகிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள் வேலையை நிறுத்திவைக்கச் சொல்கிறது. ஆள் கிடைக்காமல் தவிக்கும் விவசாயியின் சிரமம் எனக்குத் தெரியும்; நாற்று முற்றும்போது அவருக்கு உறக்கம் வராது. ஆனால் உடம்பு மிக அதிகமாக நோகும் 60 நாளில் மறுப்பதற்கான உரிமையை எடுத்துக்கொள்வது சரியான தீர்வாகாது.

தீர்வின் ஒரு நுனி தண்ணீரிலேயே இருக்கிறது. மதகுகளை இரண்டு மூன்று தொகுதியாகப் பிரித்து, பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டால் 25 நாள் நெருக்கடி 45 நாளாக விரியும். அதே பெண்களுக்கு வேலை நாள் கூடும், ஒரு நாளின் வேகம் குறையும், விவசாயிக்கும் ஆள் கிடைக்கும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவே நாளாகும் வாய்க்காலில் இது முழுக்கப் புதிய யோசனையும் இல்லை. தண்ணீர் முறையை வகுக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களும் பாசன சபைகளும் அணையின் நீர்மட்டத்தோடு ஆட்களின் எண்ணிக்கையையும் மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

மறு நுனி மருத்துவத்தில். ஜப்பானின் நாகானோ மலைப்பகுதியில் சாக்கு மருத்துவமனைக்கு 1945இல் வந்த தொஷிகாஸு வாகாட்சுகி என்ற மருத்துவர், நெல் விவசாயிகளிடம் தோள் இறுக்கம், குறுக்கு வலி, கை மரத்தல், மூச்சுத் திணறல், உறக்கமின்மை எல்லாம் சேர்ந்தே வருவதைக் கவனித்து, 'விவசாயி நோய்' என்ற பெயரிலேயே அதைப் பதிவு செய்தார். கிராமத்துக்கு நேரில் போய்ப் பரிசோதித்தார். வலியை வயதுக்கும் விதிக்கும் விட்டுவிடாமல் வேலையோடு இணைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அத்தகைய பதிவு இங்கே இல்லை. அதற்கான ஏற்பாடு மட்டும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. அவர்கள் பதிவேட்டில் நடவு மாதங்களுக்கென்று குறுக்கு வலி, சேற்றுப்புண், சிறுநீர்த் தொற்று, இரத்தசோகை, கர்ப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பக்கம் சேரட்டும். வெளி மாநிலக் குழுக்கள் தங்கும் கொட்டகைகளும் அந்தச் சுற்றில் சேரட்டும். கோபி, சத்தியமங்கலம், பவானி வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அடுத்த தண்ணீர் திறப்பின்போதே இதைத் தொடங்க வேண்டும் என்று சுகாதாரத் துறையை வேண்டுகிறேன்.